ஏ.எல்.ரி நோமல். அப்ப ஈரல்?

ஒரே நாள் காலை, ஒரு மணித்தியால இடைவெளியில் இரண்டு ரிப்போர்ட்டுகள் என் கையால் போயின. முதலாவது கம்பஸில் படிக்கிற ஒரு பெடியனுடையது. ஈரல் ரெஸ்றில் வருகிற ஏ.எல்.ரி 1840. மற்றது 58 வயது ஐயா ஒருவருடையது. ஏ.எல்.ரி 34. எங்கள் மெஷினில் மேல் எல்லை 40. அதைத் தாண்டினால் எண் தடித்த எழுத்தில் வரும், பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் விழும். பெடியனின் தாய் நட்சத்திரத்தைப் பார்த்ததும் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஐயா தன்னுடையதை மடித்துச் சேட்டுப் பொக்கற்றில் வைத்துவிட்டு, "பாத்தியே தம்பி, ஈரல் கிளியர். இவள்தான் சும்மா கத்துறவள்," என்று மனைவியைக் காட்டினார்.

எனக்கு ஐயாவைப் பார்த்துத்தான் வயிற்றைப் பிசைந்தது. அவருடைய இரண்டாவது தாளில் அல்புமின் 2.7, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர் 1.6, இரத்தத் தட்டுகளான பிளேற்லெற் 88 ஆயிரம். அந்த வரிகளிலும் நட்சத்திரம் இருந்ததுதான். ஆனால் ஊரில் ஈரல் ரெஸ்ற் என்றால் எஸ்.ஜி.பி.ரி என்ற ஒரு வரிதான் ஆட்களுக்குத் தெரியும். ஏ.எல்.ரியின் பழைய பெயர் அது. அந்த வரி சரியென்றால் மற்றத் தாளை ஆர் பார்க்கிறது? நான் எம்.எல்.ரி, ஆய்வுகூடத்தில் சோதனை செய்கிற ஆள். கவுண்டரில் நின்று நோய் சொல்வது என் வேலை இல்லை. "ஐயா, ரெண்டு தாளையும் டொக்டரிட்டக் காட்டுங்கோ, இண்டைக்கே," என்று மட்டும் சொன்னேன்.

இந்தக் குழப்பத்தில் பாதி பெயரால் வந்தது. லிவர் ஃபங்ஷன் ரெஸ்ற் என்று அடித்திருக்கிறோம்; ஈரல் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் சோதனை என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஏ.எல்.ரி, ஏ.எஸ்.ரி இரண்டும் அதைச் சொல்வதில்லை. அவை ஈரல் கலங்களுக்குள் இருக்கிற நொதியங்கள். கலம் உடைந்தால், அல்லது அதன் சுவர் கசிந்தால், இரத்தத்துக்குள் சிந்தும். ஓட்டு வீட்டு முற்றத்தில் கிடக்கிற உடைந்த ஓடுகளை எண்ணுவது போன்ற கணக்கு இது. புயல் அடித்த மறுநாள் முற்றம் முழுக்க ஓடு கிடக்கும். ஆனால் வளையும் தீராந்தியும் நிற்கிறதென்றால் புது ஓடு போட்டுவிடலாம். பெடியனின் 1840 அப்படியானது. பல வருடம் ஆள் இல்லாமல் இடிந்துபோன வீட்டின் முற்றம் துப்புரவாகவே இருக்கும், விழுவதற்கு ஓடு மிச்சமில்லை. ஐயாவின் 34ஐ அப்படித்தான் வாசிக்க வேண்டியிருந்தது.

வீடு நிற்கிறதா என்று சொல்வது வேறு வரிகள். அல்புமின் ஈரல் செய்கிற புரதம். அதன் அரை ஆயுள் ஏறக்குறைய இருபது நாள் என்பதால், அது குறைந்திருக்கிறது என்றால் பழுது நேற்று வந்ததில்லை (சிறுநீரால் புரதம் போகிறவர்களுக்கும், சாப்பாடு காணாதவர்களுக்கும் குறையலாம், அது வேறு கதை). இரத்தம் உறைய வைக்கும் காரணிகளில் பெரும்பகுதியையும் ஈரல்தான் செய்கிறது. அவற்றில் ஏழாவது காரணியின் அரை ஆயுள் சில மணித்தியாலம்தான். ஆகவே ஈரல் திடீரெனக் கைவிட்டால் முதலில் காட்டிக்கொடுப்பது ஐ.என்.ஆர். பிளேற்லெற்றை ஈரல் ரிப்போர்ட்டில் யாரும் தேடுவதில்லை. ஆனால் ஈரல் தழும்பேறி இறுகும்போது அதற்குள் போக வேண்டிய இரத்தம் தேங்கி, மண்ணீரல் வீங்கி, பிளேற்லெற்றுகள் அங்கே அடைபட்டுப்போகும். முழு இரத்தப் பரிசோதனையில் மலிவாகக் கிடைக்கிற அந்த எண், பல நேரம் ஏ.எல்.ரியை விட அதிகம் பேசும்.

ஐயாவின் தாளில் இன்னொரு தடயமும் இருந்தது. ஏ.எஸ்.ரி 71, அதாவது ஏ.எல்.ரியைப் போல் இரண்டு மடங்கு. வைரஸாலோ கொழுப்பாலோ ஈரல் கெடும்போது, தழும்பேறும் வரைக்கும், ஏ.எல்.ரிதான் மேலே நிற்கும். குடியில் தலைகீழாகும். ஏ.எல்.ரி உருவாக விற்றமின் பி6 அதிகம் வேண்டும், நெடுநாள் குடிப்பவர்களிடம் அது வற்றிப்போயிருக்கும். "கள்ளுத்தானே தம்பி, அது குளிர்ச்சி" என்று சொல்கிறவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். கள்ளோ சாராயமோ கசிப்போ, ஈரல் எண்ணுவது எத்தனோலின் அளவைத்தான்.

வயது, ஏ.எஸ்.ரி, ஏ.எல்.ரி, பிளேற்லெற் என்ற நான்கையும் சேர்த்து ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. வயதை ஏ.எஸ்.ரியால் பெருக்கி, பிளேற்லெற்றை ஏ.எல்.ரியின் வர்க்கமூலத்தால் பெருக்கி, முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். 1.3க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்கச் சாத்தியம் குறைவு. 2.67க்கு மேலே என்றால் மேற்கொண்டு பார்த்தே ஆக வேண்டும். ஐயாவுக்கு, 58 பெருக்கல் 71, கீழே 88 பெருக்கல் 5.83. விடை 8. அவர் படியிறங்கிப் போன பிறகு கல்குலேற்றரில் போட்டுப் பார்த்தது இது. (இந்தக் கணக்குப் பெடியன் போன்றவர்களுக்குப் பொருந்தாது. திடீரென்று ஈரல் அழன்றிருக்கும்போது ஏ.எஸ்.ரி ஆயிரத்தில் நிற்கும், விடை அர்த்தமில்லாமல் ஏறும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் 35க்குக் கீழானவர்களுக்கும் அந்த எல்லைகள் சரிவராது.)

குடிக்காதவர்களுக்கும் இந்தக் கணக்கு இப்போது தேவைப்படுகிறது. கம்பஹா மாவட்டத்து ராகமையில் நடந்த ஆய்வில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றிலொருவருக்குக் கொழுப்பீரல் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஸ்கான் முடித்து "ஃபற்றி லிவராம்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் இங்கே நிலைமை பெரிதாக வேறு என்று எனக்குத் தோன்றவில்லை. சீனி வருத்தம், வயிற்றுப் பெருப்பு, மூன்று நேரமும் மாச்சாப்பாடு. இவர்களில் பலருக்கு ஏ.எல்.ரி நோமலாகவே இருக்கும். நோமல் என்பதாலேயே ஈரலில் கொழுப்பு இல்லை என்று எடுக்க முடியாது.

சரி, மற்ற எண்களுக்கு வருவதற்கு முன் குழாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் நாங்கள் முதலில் வாசிப்பது அதைத்தான். இரத்தம் எடுத்து உறையவிட்டுச் சுழற்றினால், அடியில் சிவப்பு இறங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் சீரம் நிற்கும். கண் மஞ்சளித்தவரின் சீரம் மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கும், மெஷினுக்குப் போக முன்னமே தெரிந்துவிடும். முதல்நாள் இரவு கலியாண வீட்டுக்குப் போய் வந்தவருடையது பால் கலந்ததுபோல் வெண்மையாக நிற்பதும் உண்டு. ஊசி ஏற்றச் சிரமப்பட்டு, இழுத்துப் பறித்து எடுத்த இரத்தமென்றால் செங்கலங்கள் உடைந்து சீரம் றோஸ் நிறமாகும். செங்கலத்துக்குள்ளும் ஏ.எஸ்.ரி இருக்கிறதால் அந்த எண் பொய்யாக ஏறும். அதைத் திருப்பி எடுக்கச் சொன்னால் ஆட்கள் கோபிப்பார்கள், நியாயம்தான், ஆனால் வேறு வழியில்லை. இன்னொன்று வெயில். கண்ணை மஞ்சளாக்குகிற பிலிரூபின் வெளிச்சத்தில் சிதைகிற பொருள். பிறந்த பிள்ளைக்குக் கண் மஞ்சளித்தால் நீல வெளிச்சத்தில் கிடத்துவது இதனால்தான். அதே காரணத்தால், இரத்தக் குழாயை மோட்டார் சைக்கிள் கூடையில் போட்டு நல்லூரிலிருந்து வெயிலில் ஓடிக் கொண்டுவந்தால் பிலிரூபின் குறைத்துக் காட்டும்.

சதையாலும் ஏமாறலாம். ஏ.எஸ்.ரி இதயத்திலும் தசையிலும் இருக்கிறது. 1954இல் அது இரத்தச் சோதனையாகப் புகழ் பெற்றதே மாரடைப்பைக் கண்டுபிடிக்கத்தான். ஜிம்முக்குப் புதிதாகப் போய் இரண்டு நாள் பாரம் தூக்கிய பெடியனுக்கும், வெங்காயத் தறை முழுக்கத் தனியே கொத்தி முடித்தவருக்கும் ஏ.எஸ்.ரியும் ஏ.எல்.ரியும் சேர்ந்தே ஏறி, ஒரு கிழமை வரை நிற்கலாம். சி.கே என்ற தசை நொதியத்தைப் பார்த்தால் உண்மை வெளிக்கும்.

அப்புறம் வெளிநாட்டுக் குழப்பம். ரிப்போர்ட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் லண்டனில் இருக்கிற மச்சானுக்கு அனுப்பாத வீடு இங்கே குறைவு. இங்கு சில இடங்களில் பிலிரூபினை மில்லிகிராமில் அடிக்கிறோம், அங்கே மைக்ரோமோலில். இங்கே 1 என்றால் அங்கே 17. "உனக்கு ஒண்டுதான், எனக்குப் பதினேழாம்" என்று ஒருவர் அங்கே நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறார். இரண்டும் ஒரே அளவுதான். 1847இல் இங்கே வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர் சாமுவேல் கிறீன். அவருக்குப் பிறகு இத்தனை காலம் போயும் அலகைக்கூடத் தமிழில் விளங்கப்படுத்தாமல் தாளை நீட்டுகிறோம் என்பது எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

பிலிரூபினில் மொத்தத்தை விட, நேரடி, மறைமுகம் என்ற பிரிவுதான் முக்கியம். பழைய செங்கலம் உடைந்து வருவது மறைமுக வகை. அது தண்ணீரில் கரையாது. ஈரல் அதைக் கரையக்கூடியதாக மாற்றிப் பித்தத்தோடு அனுப்புகிறது, அதுதான் நேரடி வகை. கரைவது மட்டுமே சிறுநீரில் வரும். ஆகவே கண் மஞ்சளாக இருந்தும் சிறுநீர் வழமையான நிறமென்றால் ஈரலுக்கு முன்னாலுள்ள கதை. சிறுநீர் பிளேன்ரீ மாதிரி என்றால் ஈரல் அல்லது அதற்குப் பின்னாலுள்ள பித்தக் குழாய்.

கந்தசஷ்டி முடிகிற கிழமை இதற்கு ஒரு உதாரணம் வருவதுண்டு. ஆறு நாள் விரதம் இருந்த இளம் ஆள், கண் மெல்லிய மஞ்சள், வீட்டில் எல்லோரும் கலங்கிப்போயிருப்பார்கள். மொத்தம் 2.6, அதில் நேரடி 0.4. ஏ.எல்.ரி, பித்தவழி அடைபட்டால் ஏறுகிற ஏ.எல்.பி எல்லாம் நேர். இது பெரும்பாலும் கில்பேர்ட் நிலை. பிலிரூபினை மாற்றும் நொதியம் பிறப்பிலேயே கொஞ்சம் மந்தமானவர்கள் இவர்கள். பட்டினி கிடந்தாலோ காய்ச்சல் வந்தாலோ ஏறும், சாப்பிட்டால் இறங்கும். செங்கலம் உடையும் நோய் இல்லை என்று மட்டும் உறுதி செய்துவிட்டால் மருந்து தேவையில்லை. முருகனையும் குறை சொல்லத் தேவையில்லை.

மாரியில்தான் இந்த ரெஸ்ற் உண்மையிலேயே உழைக்கும். ஒக்டோபரில் மழை தொடங்கித் தை மாதம் வரை காய்ச்சல்காரர்கள் வரிசையில் நிற்பார்கள், மூன்று நோய்கள் ஒரே வாசலால் வரும்.

டெங்கிலும் ஈரல் நொதியங்கள் ஏறும், ஆனால் ஏ.எஸ்.ரி ஏ.எல்.ரியை முந்தி நிற்கும், பிலிரூபின் பெரும்பாலும் அசையாது. கூடவே பிளேற்லெற் இறங்கும். எலிக்காய்ச்சலில் படமே வேறு. பிலிரூபின் 10, 15 என்று பறக்கும், ஏ.எல்.ரியோ நூறு, இருநூறு என்று அடக்கமாக நிற்கும். இவ்வளவு மஞ்சளுக்கு இந்த ஏ.எல்.ரி காணாதே என்று தோன்றினால் கிறியற்றினினைப் பார்க்க வேண்டும், ஏனெனில் கூடவே சிறுநீரகமும் அடிபட்டிருக்கும். ஊரில் இதெல்லாவற்றையும் செங்கண்மாரி என்பார்கள். எலிக்காய்ச்சலில் கண் உண்மையிலேயே சிவந்து, அதன் மேல் மஞ்சளும் படர்ந்திருக்கும். 2024 டிசம்பரில், வெள்ளம் வடிந்த கையோடு, வடமராட்சிப் பக்கம் காய்ச்சலில் அடுத்தடுத்து ஆட்கள் இறந்தபோது முதலில் அது மர்மக் காய்ச்சலாகத்தான் பேசப்பட்டது. எலிக்காய்ச்சல் என்று பிறகுதான் உறுதியானது.

மூன்றாவது ஹெப்படைற்றிஸ் ஏ, எங்கள் பெடியனுக்கு வந்தது. மலத்தால் கெட்ட தண்ணீரால், சாப்பாட்டால் வருவது. 2009இல் வவுனியாவில் இடம்பெயர்ந்த சனம் இருந்த மெனிக் பாம் முகாம்களில் பரவியது இதுதான். யாழ்ப்பாணத்துக்கு அடியில் சுண்ணக்கல், மழை நீரோடு மலக்குழியின் நீரும் கிணற்றுக்கு இறங்க அது வழிவிடும். மழைக்காலத்தில் கொதித்தாறிய தண்ணீர் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கத்துவது சும்மா இல்லை. இந்த நோயில் ஏ.எல்.ரி ஆயிரத்தைத் தாண்டும், கண் மஞ்சளிக்கிற நேரம் காய்ச்சல் விட்டுவிடும். எலிக்காய்ச்சலில் மஞ்சளோடு காய்ச்சலும் நிற்கும். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே முழுதாக மாறிவிடும். ஆனால் ஏ.எல்.ரி இறங்குகிறதே என்று மட்டும் நிம்மதியாக இருக்க முடியாது. ஏ.எல்.ரி விழ, பிலிரூபினும் ஐ.என்.ஆரும் ஏற, ஆள் தடுமாறிக் கதைக்கத் தொடங்கினால் அது சுகமாவதில்லை, உடைய ஓடு முடிந்துபோகிற அறிகுறி. அதே மணித்தியாலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

காய்ச்சலென்றால் எல்லோர் கையிலும் இருப்பது பனடோல். வளர்ந்த ஆளுக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளைக்கு எட்டுத்தான் உச்சம், மெலிந்தவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் அதிலும் குறைவு. தடிமன் குளிசைகளுக்குள்ளும் அதே பரசிற்றமோல் இருக்கும் என்பதை மறந்து இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. அளவு மீறிவிட்டால் முதல் அரை நாளில் ஏ.எல்.ரி நோமலாகவே இருக்கும். மாற்று மருந்து நன்றாக வேலை செய்வதும் அந்த முதல் எட்டு மணித்தியாலத்தில்தான். ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் போக வேண்டிய இடம் அது.

இனிப் பித்தப்பை. இதைப் பற்றிப் பலர் நம்புவதைப் பிழை என்றே சொல்லிவிடுகிறேன்: பித்தப்பைக்கென்று ஒரு இரத்தச் சோதனை இல்லை. ஈரலுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு, பித்தத்தைச் சேர்த்து வைத்து, கொழுப்பான சாப்பாடு இறங்கும்போது பிழிந்துவிடுகிற ஒரு சிறு பை அது. அதற்குள் பத்துக் கல் கிடந்தாலும் பித்தம் ஈரலிலிருந்து குழாய் வழியே நேரே குடலுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இரத்தத்துக்கு ஒன்றும் தெரியாது.

நாற்பதைத் தாண்டிய ஒரு அக்கா மூன்று முறை வந்தார். ஆட்டிறைச்சிக் கறி, பால் புக்கை, எதைச் சாப்பிட்டாலும் இரவில் வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டைப் பக்கம் ஏறுகிற நோ. வீட்டில் அதற்கு வாய்வு என்று பெயர் வைத்து உள்ளி அவித்துக் கொடுத்திருக்கிறார்கள். முதல் இரண்டு தடவையும் எல்லா எண்ணும் அச்சொட்டாக நோமல். ஒரு ஸ்கான் அன்றைக்கே சொல்லியிருக்கும், பித்தப்பைக் கல்லுக்கு அதுதான் சோதனை. மூன்றாவது தடவை வரும்போது உடம்பெல்லாம் கடிக்கிறது என்று சொறிந்துகொண்டு வந்தார். மலம் களிமண் நிறமாம். சீரம் கடும் மஞ்சள். பிலிரூபின் 4.8, அதில் நேரடி 3.9. ஏ.எல்.பி 420, எல்லை 120. பித்தவழியோடு சேர்ந்த இன்னொரு நொதியமான ஜி.ஜி.ரி 510. ஏ.எல்.ரி 160. கல் பையை விட்டு வழுகிக் குழாயில் சிக்கியிருந்தது.

இங்கே பார்க்க வேண்டியது, எது எவ்வளவு என்பதல்ல, எது எதை முந்தியது என்பதை. ஏ.எல்.ரி தன் எல்லையைப் போல் எத்தனை மடங்கு என்று பார்த்து, அதை ஏ.எல்.பியின் மடங்கால் வகுங்கள். ஐந்துக்கு மேலென்றால் அடி ஈரல் கலத்தில். இரண்டுக்குக் கீழென்றால் பித்தம் போகும் வழியில். அக்காவுக்கு நான்கை மூன்றரையால் வகுத்தால் ஒன்றைச் சுற்றி வரும். பெடியனுக்கு, ஏ.எல்.பி 150 என்பதால், 46ஐ ஒன்றேகாலால் வகுத்து 37 அளவில் வரும். ஒரே மஞ்சள் கண், இரண்டு வேறு வருத்தம். ஒரு பொறி மட்டும் உண்டு: கல் சிக்கிய முதல் சில மணித்தியாலங்களில் ஏ.எல்.ரி முந்திக்கொண்டு சில நூறுக்கு ஏறி, பிறகு மளமளவென்று விழும். ஏ.எல்.பியை ஈரல் புதிதாகச் செய்து இறக்க வேண்டியிருப்பதால் அது ஒரு நாள் பிந்தித்தான் ஏறும். அந்த இடைவெளியில் எடுத்த இரத்தம் ஹெப்படைற்றிஸ் மாதிரிக் காட்டும்.

ஏ.எல்.பி எலும்பிலும் இருக்கிறது. வளர்கிற பிள்ளைக்குப் பெரியவர்களின் எல்லையைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம், கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் சூல்வித்தகத்திலிருந்தும் வரும். ஜி.ஜி.ரியும் சேர்ந்து ஏறியிருந்தால்தான் பித்தவழி என்று எடுக்கலாம். கர்ப்பிணிக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் கடித்தால் மட்டும் ஏ.எல்.பியோடு மினக்கெடாமல் பித்த அமிலம் பார்க்கச் சொல்வார்கள்.

மஞ்சளோடு குளிரும் காய்ச்சலும் வலப்பக்க நோவும் சேர்ந்தால் குழாயில் கிருமி ஏறிவிட்டது, இரவென்றும் பார்க்கக் கூடாது. நோ நடுவயிற்றில் பிடித்து முதுகுக்கு ஊடுருவினால் கணைய நொதியங்களான அமைலேஸ் அல்லது லைப்பேஸைப் பார்க்க வேண்டும். எல்லையின் மூன்று மடங்கைத் தாண்டினால் கல் கணையத்தையும் கிளறிவிட்டது. நோவே இல்லாமல் வயதானவருக்கு மஞ்சள் கூடிக்கொண்டு போவதுதான் எனக்கு அதிகம் பிடிக்காத ரிப்போர்ட். கணையத் தலையில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கானில் தேட வேண்டிய ரிப்போர்ட் அது.

பெடியனின் தாய் இரண்டு கிழமை கழித்து மறுபடி வந்தார். ஏ.எல்.ரி 210க்கு இறங்கியிருந்தது, ஐ.என்.ஆர் 1.0. முகத்தில் வெளிச்சம். "கீழ்க்காய்நெல்லிதான் தம்பி, விடியவெள்ளன பாலிலை அரைச்சுக் குடுத்தனான்," என்றார். 1988இல் சென்னையில் நடந்த ஓர் ஆய்வில் கீழ்க்காய்நெல்லி சாப்பிட்ட, ஹெப்படைற்றிஸ் பி வைரஸை உடம்பில் காவுகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்ததாக வந்து உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. ஹெப்படைற்றிஸ் ஏ எதுவும் கொடுக்காவிட்டாலும் மாறியிருக்கும். இதைக் கவுண்டரில் நின்று விளக்க எனக்கு மனம் வரவில்லை. டொக்டரிடம் மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள் என்றேன், கசாயமோ மூலிகையோ எதுவாக இருந்தாலும்.

அவருக்கு ஒரே ஒரு கவலை மிச்சம் இருந்தது. "கண் இன்னும் மஞ்சளாத்தானே கிடக்கு?"

நேரடி பிலிரூபினில் ஒரு பகுதி அல்புமினோடு இறுக ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் அல்புமின் இருக்கும் வரை அதுவும் இரத்தத்தில் சுற்றும், சிறுநீரில் இறங்காது. ஆகவே ஈரல் தேறிய பிறகும் கண் சில கிழமை மஞ்சளாக நிற்கும். முந்தித் தெளிவது சிறுநீர்.

"இப்ப மூத்திரம் என்ன நிறமம்மா?" என்று கேட்டேன்.

"அது பச்சைத் தண்ணி மாதிரி வந்து நாலு நாளாச்சு."

"அப்ப கண்ணும் வரும். கொஞ்சம் பிந்தும்."